பொட்டுக்குக் கீழே ஒரு ஓட்டை

பெட்ரோல் டேங்க் அடைக்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கை இருக்கிறதா, கண் இருக்கிறதா என்று மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். நான் கேட்பது மூக்கு இருக்கிறதா என்றுதான். இருக்கிறவர்கள் உட்காருங்கள். சளி பிடித்தவர்கள் இன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போகலாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுப் பாத்திரங்களை ஈயம் பூசக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்ததில் போய்விட்டது. ஆகையால் என்னிடம் பெரிய பாடமெல்லாம் கிடையாது. நான் செய்த தப்புகள்தான் இருக்கின்றன. அவற்றில் நன்றாகத் தேறி வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மனிதன் நிலாவில் இறங்கினான் என்று ஊரெல்லாம் பேசிய சமயம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் கடை. பித்தளைக்கு ஈயம் பூசுவது, ஓட்டை அடைப்பது, தகரத்தில் ஈயத்தை உருக்கிப் பற்று வைப்பது. கடை என் வீட்டுக்காரர் பேரில். வேலை என் கையில். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு துருத்தி ஊதுவது மட்டும் அவர் பங்கு. யாராவது வந்து "ஆசாரி இல்லியாமா?" என்று கேட்டால், "காத்து இருக்குது, கை இங்க இருக்குது. எது வேணும்?" என்பேன்.

ஒரு நாள் மத்தியானம் மாட்டு வண்டியில் வைக்கோலுக்கு நடுவே ஒரு சாமானைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். முறுக்கு மீசை, காக்கி அரைக்கால் சட்டை. தென்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். அவரை எல்லோரும் பட்டாளத்தார் என்று கூப்பிட்டார்கள். ராணுவத்தில் ஆற்றில் படகு விடுகிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் படுத்திருந்தது ஒரு படகு மோட்டார். படகின் பின்பக்கம் மாட்டுகிற வகை; கீழே காற்றாடி, மேலே தலைப்பாகை மாதிரி பெட்ரோல் டேங்க். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஏரியில் வாத்து சுட வைத்திருந்ததாம். ஏலத்தில் எடுத்து, ஏழெட்டு வருஷம் வைக்கோல் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்.

"இது இன்னாபா, தலகீழா நட்ட ஃபேனு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குது. டேங்க்தான் உள்ள துரு. குலுக்கனா மொளகா வத்தல் மாதிரி சலசலங்குது. பித்தளைக்கு வைக்கிற பத்து, இதுக்கு வைக்க மாட்டீங்களா? சீக்கிரமா வேணும்."

"இதுக்கு எதுக்கு இவ்ளோ அவசரம்? ஏழு வருசம் தூங்கிக்கினு இருந்ததுதானே?" என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வந்தது.

அவர் ஊரில் அம்மனுக்கு மாசியில் தெப்பம். எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை போட்டு, அம்மனை வைத்து ஏரியில் மூன்று சுற்று இழுப்பார்கள். முன் கயிறு கிழக்குத் தெருவுக்கா மேற்குத் தெருவுக்கா என்பதில் அடிதடி. இரண்டு வருஷமாகத் தெப்பமே இல்லை. பட்டாளத்தார் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "கயிறே வேணாம். மோட்டார் இழுக்கும். மோட்டாருக்குத் தெரு கிடையாது" என்று சொல்லிவிட்டார். இரண்டு தெருவும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டன. ஆனால் நின்றுபோனால் கயிறு வரும், கயிறு வந்தால் கம்பு வரும், அதற்குப் பிறகு அந்த ஊரில் தெப்பம் என்கிற பேச்சே இருக்காது.

"எனுக்கு மானம் போறது பத்தி இல்லம்மா," என்றார். "பட்டாளத்துல அத எப்பவோ குடுத்தாச்சி. ரெண்டு வருசமா அம்மா வெளியவே வரல. அதான் மனசு கேக்கல."

சரி என்றேன். அதற்குள் என் வீட்டுக்காரர் உற்சாகத்தில் துருத்தியை அமுக்கிவிட்டார். உலையில் தணல் சிவந்தது. அந்த நேரத்தில் பட்டாளத்தார் டேங்கின் மூடியைத் திருகினார். மூக்கில் குப்பென்று ஏறியது. பழைய பெட்ரோலின் புளித்த வாசனை. நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை உலையில் கொட்டிவிட்டேன். புகையும் சாம்பலும் கடை முழுக்க. வீட்டுக்காரர் முகம் திருநீறு பூசியது போல.

"அடிப்பாவி, சோறு ஆக்குற ஒலையில..."

"சோறு நாளைக்கும் ஆக்கலாம். ஒன்ன நாளைக்கு ஆக்க முடியாது."

பிள்ளைகளே, காலி டேங்க் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. எண்ணெய் தீர்ந்திருக்கும், ஆவி குடியிருக்கும். பற்ற வைக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அணைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை அன்றைக்குச் சரியாகச் செய்தேன் என்று பெருமையாகத்தான் இருந்தது. பெருமை வந்த அன்றே தப்பும் வண்டி ஏறிவிடும் என்பது அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டில் பட்டு வேகவைப்பார்கள். பட்டுநூலின் பசையை எடுக்க அவர்கள் வைத்திருக்கும் சோப்பும் சோடாவும் எனக்கும் பாதி சொந்தம் மாதிரி. அந்தச் சோடா வெந்நீரை ஊற்றி மூன்று நாள் கழுவினேன், வாசனை சுத்தமாகப் போகிற வரைக்கும். பிறகு கிணற்றுச் சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்கினேன். புளித்தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளிக் கூஜா மாதிரி மின்னியது. பித்தளைக்காரியின் புத்தி எங்கே போகும்? நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, தவலையைக் கவிழ்ப்பது போல வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் உள்ளே முழுக்கப் புதுத் துரு, கல்யாணப் பெண் வெட்கப்பட்ட மாதிரி.

"பித்தளைக்குத் தண்ணி மாமியார், இரும்புக்குத் தண்ணி சக்களத்தி," என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. மறுபடியும் தேய்த்து, இந்த முறை கழுவின சூட்டோடு காயவைத்து மண்ணெண்ணெய் காட்டினேன்.

அடுத்து ஓட்டை பார்க்க வேண்டும். விரல் கணுவால் தகட்டைத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தகடு கணீரென்று பேசும். துரு தின்ற தகடு தொண்டை கட்டினவன் போல டப் என்னும். அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். மூன்று இடம் டப் என்றது. மண்ணெண்ணெயைச் சோடாநீரில் கழுவி உடனே காயவைத்து, மூன்றுக்கும் தகடு வைத்துப் பற்று வைத்தேன். தச்சர்கள் கதவுக்குப் பூசுகிற அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து உள்ளே ஊற்றி, தோசைக்கல்லில் எண்ணெய் சுழற்றுவது போலச் சுழற்றிக் காயவிட்டேன். அரக்கை பெட்ரோல் கரைக்காது. தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. தண்ணீரைக் கொட்டி, வெயிலில் சுடச்சுடக் காயவைத்துக் கொடுத்தேன்.

டேங்கின் பக்கவாட்டில் மட்டும், கீழ்ப்பட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் குங்குமம் தடிப்பாகக் காய்ந்திருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தப் பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். தேய்க்கவில்லை, தட்டவில்லை. இடையில் எட்டிப் பார்க்க வந்த பட்டாளத்தாரும் அதைக் கவனித்தார். சாமிக்கு வைத்த பொட்டை யாராவது சுரண்டுவார்களா?

தெப்பத்தன்று சாயங்காலம் என்னையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போக வண்டி வந்தது. வேடிக்கை பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். கரையில் இறங்கினதும் பட்டாளத்தார், "ஏறுமா" என்று படகைக் காட்டினார்.

"எனுக்கு நீச்சல் தெரியாதுபா."

"தேரு ஓடனா ஆசாரி சக்கரத்தோட நடக்குறாரு இல்ல? மோட்டார் ஓடனா பத்து வச்சவங்க கூட வரணும். அதான் முற."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "போய்ட்டு வாமே. நான் கரையில இருந்து ஊதுறேன்," என்றார்.

ஏரிக்கரையில் கிழக்குத் தெரு ஒரு பக்கம், மேற்குத் தெரு ஒரு பக்கம். இரண்டு பக்கமும் சிலர் தோளில் வடக்கயிறு சுருட்டித் தயாராக. மோட்டார் எப்போது நிற்கும் என்று கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றார்கள். எங்கள் படகுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு முழம் கயிற்றில் தெப்பம். அதில் அம்மன், பூசாரி, நாயனம், மேளம், ஊர்ப் பெரியவர்கள் என்று பதினைந்து பேர். ஒரு தவலை நிறையச் சுண்டல். அந்தத் தவலைக்கு ஈயம் பூசினது நான்தான். அங்கே எனக்கு நம்பிக்கை இருந்த ஒரே சாமான் அது.

பட்டாளத்தார் கயிற்றைச் சுண்டினார். இது மோட்டாரைக் கிளப்புகிற கயிறு. மோட்டார் இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது. கரையில் ஒரு கூட்டம் கைதட்டியது. கயிறு வைத்திருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்தது. நான் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் சுற்றில் நடு ஏரிக்கு வந்தபோது பொட்டைப் பார்த்தேன். குங்குமம் வழிந்துகொண்டிருந்தது. சிவப்பாக ஒரு கோடு, அழுத பெண்ணின் மை கலைந்த மாதிரி.

"இன்னாபா இது?"

"வேர்வைமா. மோட்டார் சூடு."

"மோட்டாருக்கு வேர்க்குமா?"

விரலால் தொட்டு மூக்கில் வைத்தேன். பெட்ரோல். பொட்டுக்குக் கீழே தகட்டைத் துரு தின்றிருந்தது. இத்தனை நாளும் சந்தனமும் உள்பக்க அரக்கும்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு சுற்று அதிர்வில் விட்டுவிட்டது. சொட்டு படகுப் பலகையில் விழுந்து வானவில் மாதிரி விரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில், நடு ஏரியில்தான் கற்பூரமும் தீவட்டிகளும் ஏற்றுவது அந்த ஊர் வழக்கம். பூசாரி கற்பூரத் தட்டை ஒரு கையில் ஏந்தி, இன்னொரு கையால் மடியில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது.

"நிறுத்து!" என்றேன்.

"நிறுத்தனா கயிறு வரும்மா! அரைச் சுத்துதான், ஓட்டிட்டு..."

"நிறுத்துடா!"

அவரை நான் 'டா' போட்டது அன்றைக்கு மட்டும்தான். பெட்ரோல் குழாயின் திருகை நானே மூடினேன். மோட்டார் இருமிவிட்டுச் செத்தது. ஏரி முழுக்க அமைதி. கரையில் இரண்டு பக்கமும் கயிற்றுச் சுருள்கள் தோளிலிருந்து இறங்குவது தெரிந்தது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். என்னிடம் உண்மை ஒன்று இருந்தது: "பெட்ரோல் ஒழுகுது, நெருப்பு வைக்காதீங்க!" அதைக் கத்தியிருக்கலாம். பீப்பாய் மேல் கட்டின பலகையில் பதினைந்து பேர். அதில் பாதிப் பேர் பயந்து ஒரே பக்கம் ஓடினால் போதும், அம்மனோடு எல்லோரும் தண்ணீரில். கத்தாமலிருந்தால் தீப்பெட்டி. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது.

"பூசாரி ஐயா! ஏத்தாதீங்க! அம்மா நடு ஏரில ஒரு மண்டகப்படி கேக்குறா!"

சாமி ஊர்வலம் வழியில் நின்று பூஜை வாங்கிக்கொள்வதுதான் மண்டகப்படி. தெருவில் நிற்கும். தண்ணீரில் நின்று யாரும் பார்த்ததில்லை.

பூசாரி கையில் தீக்குச்சியோடு என்னை முறைத்தார். "யாருகிட்ட கேட்டா?"

"எங்கிட்ட!"

"நான் முப்பது வருசமா பூச பண்றேன், எங்கிட்ட கேக்காம, பாத்திரக்காரிகிட்டயா..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் மூக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கியதைப் பார்த்தேன். காற்று போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். படகைப் பார்த்தார். தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்பச் செருகினார். பெட்டியை இடுப்பில் செருகினார்.

"ஆமா," என்றார் உரக்க. "கேக்குறா. இப்பத்தான் எனுக்கும் கேட்டுச்சி. எல்லாரும் ஒக்காருங்க! நைவேத்தியம் ஆனப்புறந்தான் தீபம். சுண்டல எடு!"

புத்திசாலி என்றால் அவர்தான். சுண்டல் தின்கிறவன் எழுந்து ஓட மாட்டான். பதினைந்து பேரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கையை நீட்டினார்கள். நாயனக்காரர் மட்டும், "எவ்ளோ நேரம் வாசிக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

"வாசன போற வரிக்கும்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இன்னா வாசன?"

"சுண்டல் வாசனபா! ஊதுய்யா!"

அவர் ஊதினார். நான் இடுப்பில் சொருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தேன். பட்டு வேகவைக்கிற வீட்டிலிருந்து நான் எப்போதும் அரைக்கட்டி சோப்பு வாங்கி வைத்திருப்பேன், கையில் படிந்த கரி கழுவ. பெட்ரோல் சோப்பைச் சீக்கிரத்தில் கரைக்காது. பொட்டை வழித்து எறிந்தேன். கீழே மிளகு அளவு ஓட்டை, சுற்றிலும் அப்பளம் மாதிரித் தகடு. சோப்பைக் குழைத்து அமுக்கித் தேய்த்து, பட்டாளத்தார் திருவிழாவுக்குக் கட்டியிருந்த தலைப்பாகையில் ஒரு கிழிசல் வாங்கி மேலே வைத்து, சோப்பைக் கட்டியிருந்த கழிவுப் பட்டுநூலால் டேங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். படகில் விழுந்ததையெல்லாம் அவர் மீதித் தலைப்பாகையால் ஒற்றி ஒற்றி, துணியை ஏரியில் பிழிந்தார்.

"போலாமா?" என்றார் தாங்க முடியாமல்.

"மோந்து பாரு."

"கொஞ்சம் இருக்குது."

"அப்ப இன்னொரு பாட்டு."

நாயனக்காரர் கன்னம் வீங்கி இரண்டு பாட்டு வாசித்தார். கரையில் கயிற்றோடு நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மோட்டார் கெட்டுவிட்டது என்றால் கயிறு வீசலாம். ஆனால் தெப்பத்தில் மேளம் கேட்கிறது, எல்லோரும் உட்கார்ந்து தின்கிறார்கள், பூசாரி அம்மனுக்குப் பூப் போடுகிறார். பூஜை நடக்கிற தெப்பத்தைக் கயிறு போட்டு இழுக்க யாருக்குத் தைரியம்? மெதுவாக அவர்களும் கையைக் கூப்பிக்கொண்டார்கள். கயிற்றைப் பிடித்த கையால் கும்பிட முடியாதல்லவா? கயிறு கீழே போய்விட்டது.

வாசனை அடங்கினதும் பட்டாளத்தார் மோட்டார் கயிற்றைச் சுண்டினார், மிச்ச அரைச் சுற்றும் ஓடியது. தெப்பம் கரைக்கு வந்து, கட்டி, நாங்கள் படகைத் தள்ளிக்கொண்டு தூரப் போன பிறகுதான் பூசாரி கற்பூரம் ஏற்றினார். அம்மன் முகம் ஜொலித்தது.

பட்டாளத்தாரிடம் சொன்னேன்: "என் தப்புதான்பா. டேங்க் பூராவும் தட்னேன், பொட்ட மட்டும் தட்டல. சாமி பொட்டாச்சேன்னு வுட்டுட்டேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அத அந்த எடத்துல ஏன் வச்சேன் தெரியுமாமா? வாங்கன வருசம் அங்க ஒரு சின்ன துருப்புள்ளி இருந்துச்சி. அசிங்கமா தெரியுதேன்னு அது மேல வச்சேன். அப்புறம் வருசா வருசம் கை அங்கியே போச்சி."

"அட பாவி! சொல்லக் கூடாதா?"

"நீ சுத்திக்கினு போனத பாத்தேன். சரி, சாமி பாத்துக்கும்னு வுட்டேன்."

சாமி பார்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு சோப்புக்கட்டியும் கேட்டதே.

"பட்டாளத்துல மண்ணு போட்டு அணைக்க சொல்லிக் குடுத்தாங்க," என்றார். "சுண்டல் போட்டு அணைக்க சொல்லிக் குடுக்கல."

ஆகையால் பிள்ளைகளே, நம் பட்டறைக்கு எத்தனை பெரிய சாமியின் பொட்டோடு டேங்க் வந்தாலும், கும்பிட்டுவிட்டு முதலில் அதை வழித்தெடுங்கள். தட்டிப் பாருங்கள். அடைத்த பிறகு குளித்துவிட்டு வந்து நீங்களே புதுப் பொட்டு வையுங்கள். வண்டிக்காரர் முறைத்தால் என் பேரைச் சொல்லுங்கள். மற்றவர்கள் கும்பிடுகிற இடத்தில்தான் நம் கை முதலில் போக வேண்டும். ஏனென்றால் வேறு யார் கையும் அங்கே போயிருக்காது.

அடுத்த வருஷம் பட்டாளத்தார் மறுபடி வந்தார். அந்த இடத்துக்கு நல்ல தகடாக வைத்துத் தரச் சொன்னார். வைத்தேன். இந்த வருஷம் எங்கேயும் நிற்காது, மூன்று சுற்றும் ஒரே மூச்சில் ஓடும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நிக்கணும்மா."

"ஏன்?"

"நடு ஏரி மண்டகப்படி இருக்குதே. கிழக்குத் தெருவும் மேக்குத் தெருவும் ஒரு மாசமா சண்ட, சுண்டல் யாரு வூட்டு முறன்னு. கடைசில ஒரு வருசம் அவங்க, ஒரு வருசம் இவங்கன்னு எழுதி கையெழுத்துப் போட்டுட்டாங்க. கயித்தப் பத்தி இப்ப யாரும் பேசறதில்ல."

அழைப்பு நோட்டீஸ் ஒன்றையும் கையில் கொடுத்தார். மஞ்சள் காகிதம். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அம்மன் பேர், நாள், நேரம் எல்லாம் தாண்டி வந்தேன். கீழே இருந்ததைப் படித்து முடிக்க வெகு நேரம் பிடித்தது. மூன்றாம் சுற்றில், வழக்கம்போல், நடு ஏரியில் மண்டகப்படி.

வழக்கம்போல். ஒரே ஒரு தடவை நடந்தது. அரைக்கட்டி சோப்பில்.